இடப்பக்கம் கால் சுற்று

மெக்கானிக்குகள் சங்கம் இந்த வருஷம் மலர் போடுகிறதாம். பழைய ஆட்கள் ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். கேட்க வந்த இரண்டு பேரும், "நீங்க சொல்லுங்கக்கா, நாங்க எழுதிக்கிறோம்" என்றார்கள். வேண்டாம் என்றேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வரும். வரட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. என் கைவேலையை நானே எழுதிக் கொடுப்பதுதான் எனக்கு மரியாதை.

அவர்கள் கேட்டது டர்போ வண்டியைப் பற்றி. இப்போது காருக்குள் ஒரு வயரைச் செருகி, கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டே எண்ணெயையும் காற்றையும் கூட்டிக் குறைக்கிறார்கள். "அப்பல்லாம் இது இல்லாம எப்பிடிக்கா செட் பண்ணீங்க?" என்று ஆச்சரியப்படுகிறார்கள். எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறேன். ஒரு வண்டியை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதையும் சேர்த்துத்தான் எழுதுவேன். அது வேண்டாமென்றால் மலரில் போட வேண்டாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில், என் வீட்டுக்காரர் லாரியோடு போய்ச் சேர்ந்த வருஷம், பாலக்கரையில் ஒரு டீசல் பம்ப் ஷெட்டில் சாமான் கழுவச் சேர்ந்தேன். ஏழெட்டு வருஷம் கழுவினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விரல் வெடிக்கும். தலைமுடியெல்லாம் டீசல் நாறும். பிள்ளைகள் இரண்டு பேரும் என் பக்கத்தில் படுக்க மாட்டார்கள். அவ்வளவுதான்.

ஷெட்டுக்குள் கண்ணாடிக் கதவு போட்ட அறை ஒன்று இருந்தது. பம்ப் ரூம் என்போம். லாரி எஞ்சினுக்குள் டீசலை அளந்து அனுப்புகிற பம்பைக் கழற்றிக் கொண்டுவந்து, அங்கே பெஞ்சில் மாட்டி ஓட்டி, ஒவ்வொரு குழாயிலும் எத்தனை சொட்டு வருகிறது என்று பார்த்துச் சரிசெய்வார்கள். தூசி ஆகாது. செருப்பை வெளியே விட வேண்டும். அந்த அறைக்கு மாஸ்டர் சவரிமுத்து.

ஒல்லியான மனிதர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. முதலாளிக்கும் 'ங்க', கழுவுகிற எனக்கும் 'ங்க'. "மாஸ்டரு பம்புக்கே ங்க போடுவாருப்பா" என்று லாரி டிரைவர்கள் கேலி செய்வார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். வேலை செய்யும்போது வலது காதைப் பம்பின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் முதலாளியே வந்தாலும் கதவுக்கு வெளியில்தான் நிற்க வேண்டும்.

ஒரு நாள் அவர் எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில்களைக் கைபம்பால் அடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார். நல்ல நாசில் என்றால் கிர்ரென்று அறுக்கிற மாதிரி சத்தம் வரும். நான் வெளியே தட்டோடு குந்தியிருந்தேன். என்னை அறியாமல், "மூணாவது அழுவுதுங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். அவர் மூன்றாவதைத் திரும்ப மாட்டி அடித்தார். நுனியில் ஒரு சொட்டு நின்றது.

"எப்பிடிங்க தெரிஞ்சுது?"

"சத்தத்துல தெரிஞ்சுதுங்க."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் பம்ப் ரூமில் இரண்டாவது ஸ்டூல் இருந்தது.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஸ்க்ரூவைத் திருப்பிச் செட் பண்ணினாலும், அதன்மேல் கம்பி கோத்து ஒரு ஈயக் குண்டைப் போட்டு, இடுக்கியால் நசுக்கி முத்திரை வைக்க வேண்டும். அந்த இடுக்கி வாயில் அவரவர் அடையாளம் வெட்டியிருக்கும். மாஸ்டருடையது சிலுவை. வண்டி வழியில் நின்றால் முதலாளி முதலில் பார்ப்பது அந்த ஈயத்தைத்தான். யார் முத்திரையோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒருத்தர் முத்திரையை இன்னொருத்தர் உடைக்கக் கூடாது.

எனக்கு முத்திரை கொடுக்க வேண்டும் என்று மாஸ்டர் கேட்டபோது முதலாளி சிரித்தார். "பொம்பள சீல் போட்ட பம்ப எந்த லாரிக்காரன் மாட்டுவான் மாஸ்டர்?"

"மாட்டிப் பாக்கட்டுங்க. ஒண்ணு கெட்டுத் திரும்பி வந்தாலும் பாக்கியம்மா இடுக்கிய வாங்கிக்குங்க. நான் கேக்க மாட்டேன்."

சேர்ந்து பதினோரு வருஷம் கழித்து எனக்கு இடுக்கி வந்தது. நெல்மணி அடையாளம். ஒன்று கெட்டாலும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஒன்றும் கெடவில்லை. மூன்று வருஷத்தில் என் பம்ப் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. கர்வமாகச் சொல்கிறேன், சொல்லக்கூடிய கர்வம்தான் அது.

டர்போ வந்தது அந்தச் சமயத்தில்தான். எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகையே ஒரு சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம் இன்னொரு பக்கம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். தள்ளுகிற அழுத்தத்துக்குப் பூஸ்ட் என்று பெயர். காற்று கூடினால் எண்ணெயும் கூட்டலாம், இழுவை கூடும். ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டிகள் அப்படி வந்தன. எல்லாருக்கும் ஒரே ஆசை, இன்னும் கொஞ்சம் கூட்டித் தாங்க என்பதுதான்.

மாஸ்டர் முதலில் எந்த ஸ்க்ரூவையும் தொட மாட்டார். சோப்புத் தண்ணீர் கரைத்து, காற்றுக் குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் தடவி, எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பார். பிறகு காற்று வடிகட்டி. பிறகு பூஸ்ட் மீட்டரை மாட்டிக்கொண்டு பாரத்தோடு ஓட்டச் சொல்லிக் கூடவே போவார். நின்ற இடத்தில் எவ்வளவு முடுக்கினாலும் டர்போவுக்கு வேலை வராது. பாரம் இழுத்தால்தான் அது விழிக்கும். திரும்பி வந்து, ஒரே ஒரு ஸ்க்ரூ, ஒரு சின்னத் திருப்பல். அதைச் சிலேட்டில் குறிப்பார். மறுபடி பாரத்தோடு ஓட்டம்.

"ரெண்ட ஒண்ணாத் தொட்டா எது செஞ்சுதுன்னு கடவுளுக்கே தெரியாதுங்க" என்பார்.

டீசல் வண்டியில் காற்றுக்கு மிஞ்சி எண்ணெய் போனால் கருப்புப் புகை வரும். புகை வந்தால் சூடு, சூடு ஏறினால் பிஸ்டன் போகும். ஆகவே சூடா, புகையா, எண்ணெயைக் குறை. யோசிக்காமலே கை அந்தப் பக்கம் போகும். வருஷக்கணக்காகப் பழகிய கை.

எண்பதுகளின் நடுவில் ஒரு காண்டிராக்டர் வெளிநாட்டிலிருந்து வந்த கார் ஒன்றை வாங்கினார். பெட்ரோல் கார், ஆனால் டர்போ வைத்தது. அதற்கும் பெட்ரோலை அளந்து தெளிக்கிற சாதனம் இருந்ததால், இது பம்ப் ரூம்காரர்கள் வேலை என்று எங்களிடம் அனுப்பிவிட்டார். ஏறி மிதித்தால் எஞ்சினுக்குள் கல்லைக் குலுக்குகிற மாதிரி சத்தம், கருப்புப் புகை, பெட்ரோலும் நிறையக் குடிக்கிறது என்று புகார்.

காலையில் மாஸ்டர் பார்த்தார். டர்போவின் அழுத்தத்தைத் திறந்துவிடுகிற கம்பியில் யாரோ வாசர் வளையங்களைச் செருகிப் பூஸ்டைக் கூட்டி வைத்திருந்தார்கள். அதைக் காட்டி, "இதத்தாங்க மொதல்ல எடுக்கணும்" என்றார். எடுப்பதற்குள் மணி பத்தரை ஆகிவிட்டது. புத்தூரில் ஆஸ்பத்திரியில் அவருக்கு நெஞ்சுக்குப் படம் எடுக்க அன்றைக்குத்தான் நாள் கொடுத்திருந்தார்கள். வருஷக்கணக்காக டீசல் ஆவியைக் குடித்த நெஞ்சு. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பாக்கியம்மா, இது டீசல் இல்லீங்க. வந்து வெவரமாச் சொல்றேன். அதுவரைக்கும் தொடாதீங்க."

பன்னிரண்டு மணிக்கு முதலாளி சென்னையிலிருந்து போன் பண்ணினார். மூன்று மணிக்குக் கார் வேண்டுமாம். காண்டிராக்டர் பெரம்பலூரில் காத்திருக்கிறாராம்.

"மாஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க."

"வந்ததும் முடிச்சு அனுப்பச் சொல்லு. வேற யாரும் அதுல கைய வச்சுராதீங்க. லாரி பம்புன்னு நெனச்சுக்கிட்டு நீ போயிராத."

அந்தக் கடைசி வார்த்தை இல்லாமல் இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அவர் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். எனக்கு வரும் என்று நினைத்தேன்.

ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று, மாஸ்டர் வரவில்லை. மற்றவர்கள் முன்பக்கம் ஒரு லாரியைப் பிரித்துப் போட்டு அதில் கிடந்தார்கள். நான் பின்பக்கம் போய்ப் பானெட்டைத் திறந்தேன். ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கரி அப்பியிருந்தது. பெட்ரோல் கூடுதல். புகையும் அதையே சொன்னது. வாசரைத் தொடவில்லை, அது மாஸ்டர் எடுக்க வேண்டியது என்று விட்டுவிட்டேன். அதில் மட்டும் அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டேன், பாருங்கள். பெட்ரோல் அளவை வைக்கிற கலவை ஸ்க்ரூவை இடப்பக்கம் திருப்பினேன், கால் சுற்று. பெட்ரோல் குறைந்தது.

நின்ற இடத்திலேயே முடுக்கினேன். புகை போயிற்று. எஞ்சின் சத்தம் நெய் மாதிரி இருந்தது. கம்பி கோத்து, ஈயம் வைத்து, நெல்மணியை அழுத்தினேன். அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்று மணிக்கு காண்டிராக்டரின் டிரைவர் ரெங்கன் வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர். முப்பது வயது இருக்கும். வாய் ஓயாது.

"என்னக்கா, மாஸ்டரு கை வச்சாச்சா? பறக்குமா?"

நான்தான் செட் பண்ணினேன் என்று சொன்னால் எடுக்க மாட்டார் என்று தோன்றியது. "முடிஞ்சிருச்சு, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

"பெரம்பலூருக்கு ஒரு மணி நேரத்துல போயி நிக்கணும். ஐயா கடியாரத்தக் கையில புடிச்சுக்கிட்டு நிப்பாரு" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

மாஸ்டர் வரும்போது மூன்றேகால். காலியிடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வாசர எடுத்தீங்களா?"

"இல்லீங்க."

"ஸ்க்ரூவத் தொட்டீங்களா?"

"ஆமாங்க."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"எவ்ளோ?"

"கால் சுத்து."

கண்ணை மூடினார். பம்பைக் கேட்கிறபோது மூடுவதுபோல் இல்லை. "தொடாதீங்கன்னு சொன்னேன்ல?" என்றார். அவர் என்னிடம் கடுமையாகச் சொன்ன ஒரே பேச்சு அதுதான். பம்ப் ரூமுக்குள் போய்ச் சாவி, கம்பி, ஈயம், தன் இடுக்கி எல்லாவற்றையும் ஒரு துணியில் சுருட்டினார். வழியில் பிடித்துவிட்டால் ரோட்டிலேயே சரிசெய்துவிடலாம் என்று ஷெட் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

இந்த இடத்தை மலரில் கொட்டை எழுத்தில் போடுங்கள். பெட்ரோல் டர்போ டீசலுக்குத் தலைகீழ். காற்று நிறையத் தள்ளும்போது பெட்ரோல் குறைந்தால்தான் சூடு. கூடுதலாகப் போகிற அந்தப் பெட்ரோல்தான் பிஸ்டனைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது. முதலில் பூஸ்டை இறக்க வேண்டும். கலவையைக் கூடுதல் பக்கமே வைத்துத் தொடங்க வேண்டும். பாரத்தோடு ஒரு சின்ன ஓட்டம் ஓட்டி, அதே இழுவையில் எஞ்சினை அணைத்து, ஓரம் கட்டி, பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்னும் கொடு. காப்பிக்கொட்டை நிறம் வந்தால் நில். கல் குலுங்குகிற சத்தம் கேட்டால் அந்த நொடியே காலை எடு. பூஸ்டைக் கூட்டுவதாக இருந்தால் அது கடைசி வேலை, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. இதைத்தான் அவர் வந்து சொல்வதாக இருந்தார்.

கொள்ளிடம் பாலம் தாண்டி, டோல்கேட்டுக்கு அப்பால், ரோடு திறந்து கிடக்கிற இடத்தில் ரெங்கன் நன்றாக மிதித்திருக்கிறார். பிஸ்டனில் ஓட்டை விழுந்து, எஞ்சின் ஆயில் பீய்ச்சி, சிவக்கப் பழுத்திருந்த டர்போவின் மேல் விழுந்திருக்கிறது. என்னவோ புகைகிறதே என்று அவர் இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். தீ முகத்துக்கு வந்தது. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

மறுநாள் காரை இழுத்து வந்து போட்டார்கள். முதலாளி சென்னையிலிருந்து நேராக வந்தார். பானெட்டுக்குள் குனிந்தார். நான் சுவரோரம் நின்றேன். இன்றோடு ஸ்டூல் போயிற்று, இடுக்கி போயிற்று, இனி பிள்ளைகளோடு எங்கே போவேன் என்பதுதான் நினைப்பு. வெந்துபோனவரைப் பற்றி அந்த நேரத்தில் நினைக்கக்கூட இல்லை.

"என்ன மாஸ்டர் இது?"

"என் தப்புதாங்க" என்றார் மாஸ்டர்.

எட்டிப் பார்த்தேன். எஞ்சினின் முன்பக்கம் எரிந்திருந்தது. கலவை ஸ்க்ரூ இருந்த பக்கம் கரி படிந்ததோடு தப்பியிருந்தது. அதில் புதுக் கம்பி, புது ஈயம். அதில் சிலுவை.

ரோட்டோரத்தில், ரெங்கனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்ட பிறகு, என் முத்திரையை வெட்டி எறிந்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டிருக்கிறார். ஒருத்தர் முத்திரையை இன்னொருத்தர் உடைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

அன்று மாலையே அவர் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன்.

"ஏங்க மாஸ்டர் இப்பிடிப் பண்ணீங்க?"

"எனக்கு எப்பிடியும் பெஞ்சு முடிஞ்சுதுங்க. படத்துல நெஞ்சு பூரா வெள்ள. நீங்க போயி வேலையப் பாருங்க."

நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் முதலாளி மேசை முன்னால் போய் நின்றேன். அந்தக் காரைச் செட் பண்ணியது நான்தான், மாஸ்டர் வருவதற்கு முன்பே போட்டு அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"போம்மா. அந்த வண்டிய நீ தொறந்திருக்கவே மாட்ட. அது என்ன லாரி பம்பா? மாஸ்டர் மேல உனக்கு விசுவாசம், அதுக்காக வந்து சொல்ற. நல்ல மனசுதான். போயி பெஞ்சுல உக்காரு."

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். இடப்பக்கம் கால் சுற்று என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். சொல்லவில்லை. என்னால் முடியாது என்று ஒருத்தர் சொன்னால் சும்மா விடாதவள் நான். அன்றைக்கு விட்டேன். அதற்கும் மேலே ஒன்று. அவர் நம்பவில்லை என்றதும் என் நெஞ்சுக்குள் சில்லென்று ஒரு நிம்மதி வந்தது. மற்றதற்கெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்த நிம்மதிக்கு என்னிடம் சமாதானம் இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்தேன். இன்னும் பல வருஷம் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் வந்து அதே அறையில் வேலை கற்றார்கள். மாஸ்டரை வேறு எந்த ஷெட்டும் சேர்க்கவில்லை. கைலாசபுரம் பக்கம் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை பார்க்கப் போனேன். இரண்டு தடவையும் எந்த பம்ப் வந்தது, எத்தனையில் வைத்தீர்கள் என்றுதான் கேட்டார். நாலு வருஷத்தில் போய்விட்டார். கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்த மறுநாள், ரெங்கனிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

மேலூர் ரோட்டில் வீட்டோடு சேர்த்து ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தார். ஒரு பக்கத்துக் கன்னம் இழுத்திருந்தது. இடது கையால் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்கக்கா. உக்காருங்க" என்று கடையோரம் கிடந்த இரும்பு மடக்கு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"மாஸ்டர் தவறிட்டாரு, ரெங்கன்."

"கேள்விப்பட்டேன்."

"அந்தக் கார செட் பண்ணது அவரு இல்லீங்க. நான். அவரு தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் தொட்டேன். எம் பேரு வெளிய வரக் கூடாதுன்னு தன் தலையில போட்டுக்கிட்டாரு."

அவர் கை நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன்.

"மாசாமாசம் வருவாரு" என்றார் ரெங்கன். "மொத ஞாயித்துக்கெழம. சர்ச்சு முடிஞ்சு நேரா இங்கதான். ஒரு மணி நேரம் உக்காருவாரு. என் தப்புதான் தம்பி, மன்னிச்சுக்கங்கம்பாரு. நாலு வருஷம்க்கா. நான் பேப்பர விரிச்சு மூஞ்சிய மறைச்சுக்குவேன். ஒரு வார்த்த பேசுனதில்ல."

கடையில் யாரோ தீப்பெட்டி கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தார்.

"கடேசியா வந்தப்ப மூச்சு இழுத்துக்கிட்டு நின்னுச்சு. தண்ணி கேட்டாரு. பான இங்கதான், கைக்கெட்டுற தூரத்துல. குடுக்கலீங்க நான். அவரே எந்திரிச்சு, எதுத்தாப்புல ஓட்டல்ல போயிக் குடிச்சிட்டு, திரும்பி வந்து, நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே நாற்காலியில உக்காந்தாரு."

நான் அந்தப் பானையைப் பார்த்தேன்.

"எந்திரிங்கக்கா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "அதுல இருந்து எந்திரிச்சுக்கங்க."

எழுந்தேன். அவர் வெளியே வந்து, நாற்காலியை இடது கையால் மடக்கி, ஒட்டிய விரல்களால் அதன் முதுகை ஒருமுறை துடைத்துவிட்டு, வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போனார். நான் வெயிலில் நின்றிருந்தேன். அவர் வெளியே வரவில்லை.